கீமோ தொடங்கும் முன் மகனிடம் பேச வேண்டியது

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஈவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. அதற்குள் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். உயிருக்குப் போராடும் நேரத்தில் இது தேவையா? அவனிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தேவைதான் அம்மா. அதுவும் கீமோவுக்கு முன்பே.

இந்த நோய்க்குத் தரும் மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடும் ஐஃபாஸ்பமைடும் விந்தணுவை உருவாக்கும் செல்களைத் தாக்கக்கூடியவை. மொத்த அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடும். சிலருக்குச் சில ஆண்டுகளில் விந்தணு உற்பத்தி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. முதல் டோஸ் ஏறிய பிறகு எடுத்தால் விந்தணுவில் மரபணுச் சேதம் இருக்கலாம். டாக்டர் அவசரப்படுவது இதனால்தான்.

செய்முறை எளிது. பருவமடைந்த பையன் தனியறையில் சுய இன்பம் மூலம் மாதிரி கொடுக்க வேண்டும். ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை கொடுத்தால் நல்லது. நேரமில்லாவிட்டால் ஒரு தடவையாவது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டுகள் இருக்கும். நோயால் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் சேமியுங்கள். இக்ஸி என்ற ஆய்வகக் கருத்தரிப்பு முறையில் ஒரு கருமுட்டைக்குள் செலுத்த ஒரே ஒரு விந்தணு போதும்.

பேசுவதுதான் கஷ்டம். இந்த வயதுப் பையனுக்கு அம்மா எதிரில் இதைப் பேசுவதே வேதனை. "டாக்டர் உன்னோடு தனியாக ஒரு விஷயம் பேசணும்னு சொல்றார். நான் வெளியே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். யாரிடம் பேச விருப்பம் என்று அவனையே கேளுங்கள். ஆண் டாக்டர், நர்ஸ், ஆலோசகர், யாராக இருந்தாலும் சரி. "எனக்குக் குழந்தையே வேண்டாம்" என்று அவன் சொல்லலாம். வாதாட வேண்டாம். முடிவு இப்போது தேவையில்லை, பின்னால் மனம் மாறினால் வழி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அவன் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கும்: "எனக்கு ஆண்மை போயிடுமா?" இதை டாக்டர் தானாகவே எடுத்துப் பேச வேண்டும். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் வேறு, கீமோவை அவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். விந்தணு குறைவது வேறு, தாம்பத்திய உறவு வேறு.

வலி, பயம், வலி மருந்துகள் காரணமாக அவனால் மாதிரி கொடுக்க முடியாமல் போகலாம். அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். மயக்கம் கொடுத்து விரையிலிருந்தே விந்தணு எடுக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு.

ஒப்புதல் படிவத்தில், சேமித்தது யாருக்கு உரியது, அவன் இறக்க நேர்ந்தால் என்ன செய்வது என்றெல்லாம் இருக்கும். படிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். சேமிக்கும் எல்லோரிடமும் கேட்பதுதான் இது. அவன் நிலைமை மோசம் என்று அர்த்தமில்லை. கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும் பதில்கள் அவனுடையதாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கருமுட்டை சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் ஹார்மோன் ஊசி போட வேண்டும். மாதவிடாய் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால், அல்லது இன்னும் பூப்படையவில்லை என்றால், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கலாம். இரத்தப் புற்றுநோயில் குறிப்பாக எச்சரிக்கை தேவை: அந்தத் திசுவில் நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம். சிகிச்சைக்குப் பின் மாதவிடாய் திரும்பிவிட்டால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோகும் வாய்ப்பு சிலருக்கு உண்டு. அதனால் குழந்தைப்பேறு நிபுணரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கருத்தடை. விந்தணு குறைந்துவிட்டது, இனி கருத்தரிக்காது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அது தவறு. கீமோ நடக்கும்போதும், அது முடிந்து டாக்டர் சொல்லும் காலம் வரையிலும் பாதுகாப்பு கட்டாயம். இதையும் உங்கள் மகனிடம் அந்தத் தனிப் பேச்சிலேயே சொல்லும்படி டாக்டரிடம் சொல்லுங்கள்.