லிஸ்ப் கட்ட வந்தா லிஸ்ப் கேக்குது, என்ன பண்ண?

கேள்வி: சார், டெபியன் லேப்டாப்ல எஸ்பிசிஎல் (லிஸ்ப் மொழிக்கான கம்பைலர்) சோர்ஸ கிட்ஹப்ல ஜிப்பா இறக்கி, அத கட்டுற ஸ்கிரிப்டான மேக்.எஸ்ஹெச் ஓட்டினேன். வெர்ஷன் ஃபைல் இல்லங்குது, ஹோஸ்ட் லிஸ்ப் இல்லங்குது. லிஸ்ப் இல்லாமத்தானே கட்ட வந்தேன்? கிளிஸ்ப்னு இன்னொரு லிஸ்ப் வச்சு கட்டினா மட்டமா வரும், வந்தத வச்சே இன்னும் ரெண்டு தடவை கட்டணும்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா?

பதில்: தம்பி, ஒரு தடவை போதும். உன் ஃப்ரெண்ட், தன்னை வச்சே தன்னை திரும்பத் திரும்ப கட்டிக்கிற சி கம்பைலர் ஜிசிசி கதைய இங்க கொண்டாந்து ஒட்டுறான்.

எஸ்பிசிஎல் பெரும்பாலும் லிஸ்ப்லயே எழுதினது, அதனால முதல் அடிக்கு ஏதோ ஒரு காமன் லிஸ்ப் வேணும், ஹோஸ்ட்னு சொல்றது அதத்தான், அது கிளிஸ்பா இருக்கலாம், பழைய எஸ்பிசிஎல்லா இருக்கலாம். வீடு கட்ட சாரம் கட்டுற மாதிரி, வேலை முடிஞ்சா பிரிச்சிடுவோம், சவுக்கு கட்டை சுவத்துக்குள்ள போகாது. இது தாய் ப்ராஜெக்டான சிஎம்யூசிஎல்ல கிடையாது, அங்க ஓடிட்டிருக்கற லிஸ்ப அதுக்குள்ள இருந்தே கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும், ஒரு படி தப்பினா அவ்ளோதான். அந்த தலைவலி வேணாம்னுதான் 1999 டிசம்பர்ல வில்லியம் நியூமன் பிரிச்சு எடுத்தார்.

ஸ்கிரிப்ட் பண்றது இதுதான். ஹோஸ்ட்-1ங்கற முதல் படில உன் கிளிஸ்ப் ஒரு கிராஸ் கம்பைலர கட்டுது, அதாவது கிளிஸ்ப்ல ஓடி எஸ்பிசிஎல்லுக்கு கோட் தர்ற கம்பைலர், கூடவே சி ஹெடர் ஃபைலும் கக்குது. டார்கெட்-1ல அந்த ஹெடர வச்சு சி ரன்டைம், அதாவது லிஸ்ப எழுப்பி ஓட்டுற சின்ன சி ப்ரோக்ராம், ரெடியாகுது. ஹோஸ்ட்-2ல கிராஸ் கம்பைலர் பெரும்பாலான சோர்ஸ கம்பைல் பண்ணுது, ஆனா அந்த கோட கிளிஸ்ப் ஓட்ட முடியாதே? அதனால ஜெனிசிஸ்னு ஒண்ணு, லோட் பண்ணா மெமரி எப்படி இருக்குமோ அத பைட் பைட்டா அடுக்கி கோல்ட்-எஸ்பிசிஎல்.கோர்னு அவுட்புட் ஃபோல்டர்ல எழுதி வைக்குது. டார்கெட்-2ல ரன்டைம் அத எழுப்பி மிச்சத்த ஏத்தி எஸ்பிசிஎல்.கோர் ஆக்குது. கிளிஸ்ப்னா ஹோஸ்ட் வேலை மெதுவா நடக்கும், டீ குடிச்சிட்டு வா, தரம் குறையாது.

உனக்கு சுருக்கு வழி: டெபியனோட பேக்கேஜ் கமாண்ட் ஏப்ட்ல எஸ்பிசிஎல் போடு, அது பழசா இருந்தாலும் ஹோஸ்ட்டுக்கு ஆகும்.

ஒரே ஒரு விஷயம், பேர்ல கிராஸ் கம்பைல்னு இருக்கேன்னு ஆர்ம் போர்டுக்கு (வேற ப்ராசஸர் உள்ள சின்ன கம்ப்யூட்டர்) லேப்டாப்லயே கட்டிடலாம்னு கிளம்பிடாத. ஹோஸ்ட்னு பேர் வச்ச ரெண்டு படி லேப்டாப்ல நடக்கும், டார்கெட்னு பேர் வச்சது ரெண்டும் அந்த போர்டுலயே ஓடணும், ஃபைல இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கனு தூக்கி தூக்கி போடணும். அதுக்குத்தான் எஸ்எஸ்ஹெச் வழியா போக கிராஸ்-மேக்.எஸ்ஹெச்னு தனியா வச்சிருக்காங்க. போர்டுலயே ஏதாவது லிஸ்ப் ஓடுச்சுன்னா இந்த கூத்தே வேணாம், அங்கயே கட்டிக்க.

வெர்ஷன் தகராறு ஜிப்பால வந்தது. ஸ்கிரிப்ட் கிட்கிட்ட வெர்ஷன் கேக்குது, ஜிப்ல கிட் வரலாறு கிடையாது. டேகோட (ரிலீஸ் குறிச்ச அடையாளம்) முழுசா குளோன் பண்ணு, இல்ல சோர்ஸ்ஃபோர்ஜ்ல ரிலீஸ் சோர்ஸ எடு, அதுல வெர்ஷன்.லிஸ்ப்-எக்ஸ்பிஆர் உள்ளயே இருக்கும். அந்த ஃபைல கையால எழுதினா நம்பர சுத்தி டபுள் கோட்ஸ் ஃபைலுக்குள்ளயும் இருக்கணும், ஷெல் அத முழுங்கிட்டா திரும்ப மண்டை காயும். இத ஜிப் பட்டன் பக்கத்துல ஒரு வரி எழுதி வச்சா என்ன கேடு? எவன் கேக்குறான்.

ஒரே கர்ல் வரி ஓட்டு, எல்லாம் ரெடினு சொல்ற ஸ்கிரிப்ட நம்பாத, முக்கியமா சூடோ கேக்குறத. ரிமோட்ல வந்து "கம்பைல்" பண்ணித் தரேன்னு ஒரு பையன்கிட்ட காசு வாங்கின ஆள் பண்ணது வெறும் ஏப்ட் இன்ஸ்டால், ஹிஸ்டரிய பார்த்தப்போதான் தெரிஞ்சுது. சூடோ இன்ஸ்டால்.எஸ்ஹெச்சுக்கு மட்டும், அதுவும் சிஸ்டம் ஃபோல்டர்ல போட்டாத்தான்.

கட்டி முடிச்சதும் ரன்-எஸ்பிசிஎல்.எஸ்ஹெச் ஓட்டி பாரு. இன்ஸ்டால் பண்ணி எஸ்பிசிஎல்ல நேரா ஓட்டறதுக்கு முன்ன எஸ்பிசிஎல்_ஹோம்னு பழைய செட்டிங் எதாவது பாஷ்ஆர்சில (ஷெல் செட்டிங் ஃபைல்) கெடந்தா தூக்கிடு, இல்லன்னா புது ரன்டைம் பழைய ஃபைல போய் பிடிச்சிட்டு, இந்த கோர் வேற ரன்டைமுக்கு கட்டினதுனு சண்டை போடும், நீ திரும்ப கிளிஸ்ப் மேல பழி போடுவ.