ரூலெட் எப்படி ஆடப்படுகிறது? காசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டமே ரூலெட். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள்: 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு, 0 மட்டும் பச்சை. சக்கரம் ஒரு பக்கம் சுழல, பந்தை எதிர்ப்பக்கமாக உருட்டிவிடுவார்கள். வேகம் தணிந்ததும் அது சரிவில் இறங்கி, உலோகத் தடுப்புகளில் மோதித் துள்ளி, ஏதோ ஒரு குழியில் அடங்கும்.

ஏதாவது ஒரே ஓர் எண்ணில் கட்டி வென்றால் லாபம் 35 மடங்கு. இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17 மடங்கு, 12 எண்களின் பிரிவுக்கு 2 மடங்கு. சிவப்பு, கறுப்பு, ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆகியவற்றுக்குக் கட்டிய அளவே லாபம். இவற்றோடு கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும்.

சூட்சுமம் எல்லாம் அந்தப் பச்சைக் குழியில்தான். 37 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டுச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வசூல் 3,700. வென்றவருக்கு 3,600 கொடுத்துவிட்டு, மீதி நூறை நடத்துபவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். காசினோ செய்வதும் அதேதான். நீங்கள் எதில் கட்டினாலும் சராசரியாக 2.7 சதவீதம் அதற்குப் போய்ச் சேரும். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு பச்சைக் குழி உண்டு. பரிசோ அதே அளவு. அங்கே இழப்பு 5.26 சதவீதம் என்பதால், அதன் பக்கமே போகாதிருப்பது நல்லது.

தொடர்ந்து கறுப்பே விழுந்தால் அடுத்தது சிவப்புதான் என்று பலர் நம்புகிறார்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ காசினோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழ, சிவப்பிலேயே கட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பணம் இழந்தார்கள், ஏனென்றால் பந்துக்கு முந்தைய சுற்று நினைவிருக்காது, ஒவ்வொரு முறையும் சிவப்புக்கான வாய்ப்பு 37-இல் 18தான்.