லைன் வேலையா, பேனல் வேலையா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் முடித்திருக்கிறாள். மிக்ஸி, காலிங் பெல் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. ‘ஓசூர் ஆலையில் வரிசையாக நின்று பாகங்களைப் பொருத்தும் லைன் வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம்’ என்கிறார் என் வீட்டுக்காரர். வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கும் என் தம்பி, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் போதும் என்கிறான். பெண் பிள்ளை கரண்டில் கை வைப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: லைன் வேலை கேவலமில்லை அம்மா. எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் மிக்ஸியைப் பிரித்துப் பார்க்கிற பெண்ணை, ஒரே ஸ்க்ரூவை நாள் முழுக்க முடுக்கச் சொன்னால் எத்தனை மாதம் தாங்குவாள்? லைனில் நிற்பவர்களுக்கு மிஷின் நின்றால் ஓய்வு. மிஷின் நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்களோ, அந்த ஆளாக உங்கள் மகள் ஆகலாம்.

எலக்ட்ரானிக்ஸா, எலக்ட்ரிக்கலா என்ற சண்டைக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், சீசன் நேரத்தில் கன்வேயர் நின்றுவிட்டது என்று வையுங்கள். எல்லோரும் மோட்டாரைச் சுற்றி நிற்பார்கள். தொழில் தெரிந்தவர் பேனல், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து, மிஷினுக்கு உத்தரவு போடும் குட்டிக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யின் மேல் வரிசையாக இருக்கும் குட்டி விளக்குகளைப் பார்ப்பார். எரிய வேண்டிய ஒன்று எரியவில்லை. பழம் எங்காவது அடைத்துக்கொண்டதா என்று கண்காணிக்கும் சென்சாரின் விளக்கு அது. போய்ப் பார்த்தால் சென்சாரின் கண்ணாடியில் கூழ் அப்பியிருக்கிறது. அடைப்பு என்று எண்ணி பி.எல்.சி. மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறது. துணியால் துடைத்து ரீசெட் செய்து ஸ்டார்ட்டை அழுத்தினால், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான கான்டாக்டர் ‘டக்’கென்று இழுக்கும், மோட்டார் ஓடும்.

இதில் சென்சார் 24 வோல்ட், மோட்டார் த்ரீ ஃபேஸ் 415 வோல்ட். இரண்டுக்கும் ஒயர் ஒரே பெட்டிக்குள் வந்து சேருகிறது. ஓசூரின் வண்டி ஆலைகள் ஆகட்டும், போச்சம்பள்ளிப் பக்கம் வந்திருக்கும் மின் ஸ்கூட்டர் ஆலை ஆகட்டும், எல்லா இடத்திலும் இதே கதைதான். அதனால் இரண்டும் வேண்டும். எது முதலில் என்றால், எலக்ட்ரிக்கல் என்பேன். 24 வோல்ட் பக்கத்தை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். 415 பக்கத்தை அப்படித் தட்டுத் தடுமாறிக் கற்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இனி எங்கே படிப்பது? ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். அதாவது டிப்ளமோவும் இரண்டே வருடம்தான். உங்கள் மகளின் குரூப்புக்கு அது பொருந்தும். அதனால் டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்) டிப்ளமோவுக்குத்தான் என் ஓட்டு. பின்னாளில் பி.இ. இரண்டாம் வருடத்திலும் நுழையலாம்.

உங்கள் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கைவேலை ஐ.டி.ஐ.யில்தான் அதிகம். டிப்ளமோ முடித்து, பெரிய மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை நோட்டில் அழகாக வரைந்துவிட்டு, மூன்று கான்டாக்டரையும் ஒரு டைமரையும் கையில் கொடுத்தால் முழிக்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் சேர்க்கும் முன் ஒரு வேலை நாளில் போய் லேபைப் பாருங்கள். பி.எல்.சி. கிட் மேல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருந்தால் எனக்குப் பிடிக்காது. ஒயர் துண்டுகள் தரையில் சிதறிக் கிடந்தால் சந்தோஷம். படித்து முடித்ததும் ஒரு வருடம் ஏதாவது ஆலையில் அப்ரண்டிஸ் போகட்டும். உதவித்தொகை சம்பளத்தைவிடக் குறைவுதான், உங்கள் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். பரவாயில்லை.

பணத்துக்கு: ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. இரண்டும் உண்டு. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் பயம். அது தேவையான பயம், அவளுக்கும் கொஞ்சம் இருக்கட்டும். முறையாகப் படித்தவர்கள் முதலில் மெயினை ஆஃப் செய்வார்கள், வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டு அட்டை மாட்டுவார்கள், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால், ஆஃப் செய்த பின்பும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சில நிமிடம் காத்திருந்து, அதையும் அளந்துவிட்டே தொடுவார்கள். இதில் ஆண், பெண் என்று எங்கே வருகிறது? ஷிஃப்ட், தங்கும் இடம், போக வர வண்டி எல்லாம் வேலைக்குச் சேரும்போது நீங்கள் கறாராகக் கேட்க வேண்டியவை.

கல்லூரி திறக்கும்வரை தம்பியோடு சைட்டுக்கு அனுப்புங்கள். பைப் போடுவது, ஒயர் இழுப்பது, போர்டு மாட்டுவது, எல்லாம் சப்ளை தராத புது வீட்டில். மாமா வீட்டு வேலை என்று சும்மா விடாமல், நாள் கூலியைக் கணக்குப் பார்த்து அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.