நேச்சுரோபதி மருத்துவரின் நிறுவனம்: பங்கை யார் பெயரில் எழுதலாம்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நேச்சுரோபதி (இயற்கை வைத்திய) மருத்துவராக இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாமே ‘புரொபஷனல் கோர்ப்பரேஷன்’, அதாவது உரிமம் பெற்ற தொழிலர்கள் தங்கள் தொழிலை நடத்தப் பதியும் நிறுவனம் பற்றியவை. மற்ற மாகாணங்களில் விதி வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மார்க்கமில் சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். நிறுவனம் பதிந்து பாதிப் பங்கைக் கணவர் பெயரில் வைத்தால் வரி குறையும் என்கிறார் என் மைத்துனர். அவர் பல் மருத்துவர், தன் மனைவிக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறாராம். நானும் செய்யலாமா?

பதில்: முடியாது, சகோதரி. மைத்துனர் சொன்னது அவருக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது. மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் வாக்குரிமை இல்லாத பங்குகளைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம் என்று ஒன்ராறியோ 2006இல் ஒரு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு அந்த இரண்டு தொழில்களோடு நின்றுவிட்டது. நேச்சுரோபதி மருத்துவரின் நிறுவனத்தில் ஒவ்வொரு பங்கும், நேராகவோ இன்னொரு நிறுவனம் வழியாகவோ, ஒழுங்குமுறை அமைப்பான கொலிஜில் பதிவு பெற்ற நேச்சுரோபதி மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். இயக்குநர்களும் பொறுப்பாளர்களும் பங்குதாரர்களாகவே இருக்க வேண்டும், அதனால் கணவரை இயக்குநர் ஆக்கவும் வழியில்லை.

சரி, அப்படியென்றால் நிறுவனம் எதற்கு? வருமானத்தில் ஒரு பகுதியை உள்ளேயே விட்டு வைக்க முடிந்தால் மட்டும் அது பயன்படும். 2024 நிலவரப்படி சிறு தொழிலுக்கான முதல் 5 லட்சம் டொலர் லாபத்துக்கு மத்திய, மாகாண வரி இரண்டும் சேர்ந்து 12.2 சதவீதம். தனிநபரின் உச்ச வரி 53 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் சம்பாதிப்பது முழுவதையும் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் செலவுக்கும் எடுத்துவிடுகிறீர்கள் என்றால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இருக்காது, வருடா வருடம் கணக்காளருக்கும் கொலிஜுக்கும் கட்டும் கட்டணம்தான் கூடும்.

கணவர் உண்மையிலேயே கிளினிக்கின் கணக்கு வழக்கைப் பார்க்கிறார் என்றால் அந்த வேலைக்கு வெளியில் என்ன கொடுப்பார்களோ அந்தச் சம்பளத்தைக் கொடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. சிலர் கணவர் பெயரில் தனியாக ஒரு சாதாரண நிறுவனம் பதிந்து, கட்டட வாடகை, வரவேற்பு ஊழியர், சாமான் எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் விட்டு, அதற்கு நிர்வாகக் கட்டணம் கட்டுகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை, ஆனால் இரண்டு இடத்தில் அடி விழும். நேச்சுரோபதி சிகிச்சைக்கு 2014 பிப்ரவரியிலிருந்து விற்பனை வரி விலக்கு இருக்கிறது. விலக்குப் பெற்ற சேவை என்பதால், அந்த நிர்வாகக் கட்டணத்தின் மேல் வரும் 13 சதவீத விற்பனை வரியை (எச்எஸ்டி) உங்களால் திரும்பப் பெற முடியாது, அது உங்கள் கைச் செலவு. அப்புறம், வருமானத்தைக் குடும்பத்தாருக்குப் பிரித்து வரியைக் குறைப்பதைத் தடுக்க 2018இல் கடுமையாக்கப்பட்ட விதியின்படி, வேலை செய்யாத கணவருக்குப் போகும் லாபப் பங்கின் மேல் உச்ச வரியே விழக்கூடும். இந்த இரண்டையும் கணக்காளரிடம் எண்களாகப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: நிறுவனம் இருந்தால் நோயாளி வழக்குப் போட்டாலும் வீட்டைத் தொட முடியாது என்கிறார்களே? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: இந்த நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது, எனக்கு இதுதான் பெரிய கவலை. சிகிச்சையில் நடந்த தவறுக்கு நிறுவனம் ஒரு கேடயமே அல்ல. தொழில்ரீதியான பொறுப்பு நிறுவனத்தால் குறையாது என்று ஒன்ராறியோவின் வணிக நிறுவனச் சட்டமே சொல்கிறது. அதோடு, நீங்கள் பங்குதாரராக இருந்த காலத்தில் நிறுவனத்தில் நடந்த தொழில் தவறுகளுக்கு நிறுவனத்தோடு சேர்ந்து நீங்களும் முழுப் பொறுப்பு. இரண்டு மருத்துவர்கள் கூட்டாகப் பங்கு வைத்திருந்தால், மற்றவர் கையால் நடந்ததும் உங்கள் வாசலுக்கு வரலாம். கொலிஜின் விசாரணையிலும் நிறுவனத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, நோயாளிக்கான கடமையும் நிறுவனத்துக்கான கடமையும் மோதினால் நோயாளிதான் முதலில். வாடகை ஒப்பந்தம், கடைக் கடன் போன்ற சாதாரண வியாபாரக் கடனுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, அதுவும் வங்கி தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் போய்விடும். காப்பீட்டைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: ‘அமுதம் நலவாழ்வு’ என்று மத்திய அரசின் இணையதளத்தில் நிறுவனம் பதிந்துவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்? (மிசிசாகா வாசகி)

பதில்: அந்தப் பதிவை இதற்குப் பயன்படுத்த முடியாது. ஒன்ராறியோ சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனம்தான் வேண்டும். பெயரில் பங்குதாரர் ஒருவரின் குடும்பப் பெயர், கொலிஜ் பதிவேட்டில் உள்ளபடியே, இருக்க வேண்டும். தொழில் என்ன என்பதும் ‘புரொபஷனல் கோர்ப்பரேஷன்’ என்ற சொற்களும் வர வேண்டும். ‘அமுதம்’, ‘நலவாழ்வு’ போன்ற அலங்காரச் சொற்களுக்கு அங்கே இடமில்லை, வெறும் எண் கொண்ட பெயரும் ஆகாது. வாசல் பலகையில் வைக்கும் பெயரைப் பற்றிக் கொலிஜிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவன ஆவணத்தில், தொழிலும் அதைச் சார்ந்த வேலைகளும் மட்டும் செய்வோம் என்ற வரி வேண்டும். உபரிப் பணத்தை முதலீடு செய்வதும் அந்தச் ‘சார்ந்த’ வேலைக்குள் வரும். பதிந்த பிறகு கொலிஜிடம் அங்கீகாரச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும்வரை நிறுவனத்தின் பெயரில் ஒரு நோயாளிக்குக் கூட ரசீது கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: நானும் கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டு சிகிச்சையாளர்) நண்பரும் சேர்ந்து ஒரே நிறுவனம் தொடங்கலாமா?

பதில்: ஒரே தொழில் நிறுவனமாக முடியாது, பங்குதாரர்கள் எல்லோரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு நிறுவனம் வைத்துக்கொண்டு இடத்தையும் வாடகையையும் பகிர்ந்துகொள்ளுங்கள். நோயாளிக் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுத்தில் வையுங்கள், கூட்டு உடையும்போது சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: என் மகன் சென்னையில் பி.என்.ஒய்.எஸ். (நேச்சுரோபதி, யோகா பட்டப்படிப்பு) முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறான். நிறுவனம் தொடங்கி கிளினிக் வைக்கலாமா? (பிரம்ப்டன் வாசகி)

பதில்: நிறுவனத்தைப் பிறகு பார்க்கலாம் அம்மா, முதலில் பதிவு. அவர் அங்கே ஐந்தரை வருடம் படித்த படிப்பு பெரிய படிப்புதான், ஆனால் அதை வைத்து மட்டும் இங்கே சிகிச்சை கொடுக்க முடியாது. நேச்சுரோபதி சட்டம் 2015 ஜூலை 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, கொலிஜில் பதியாதவர் ‘நேச்சுரோபத்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதே குற்றம். வெளிநாட்டுப் படிப்பை எடைபோட்டுப் பார்க்கும் முன்கற்றல் மதிப்பீடு கொலிஜில் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு தேர்வுகள். பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், உள்ளிருப்புப் பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் கல்லூரியிலிருந்து இப்போதே வரவழைத்து வையுங்கள். அதுவரை யோகா வகுப்பு எடுக்கலாம், ஆனால் விளம்பரத்தில் ‘டாக்டர்’ என்று போட வேண்டாம்.