24 வயதில் முடி நடும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? நட்ட முடி நிலைக்குமா?

கேள்வி கேட்டவருக்கு 24 வயது. நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறிவிட்டன. உச்சந்தலையில் சுழியைச் சுற்றி இப்போதுதான் மெலியத் தொடங்கியிருக்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் நல்ல வழுக்கை. தை மாதம் திருமணம், கையில் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் முடி நட்டுக்கொள்ளலாமா, வலிக்குமா, நட்டது நிலைக்குமா, அடர்த்தியான முடியுள்ள தம்பியிடமிருந்து எடுத்து நட முடியாதா, பிறகு குலதெய்வத்துக்கு மொட்டை போடலாமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

நான் தோல் மருத்துவர். திருமணத்துக்கு முன்பு நிச்சயமாக வேண்டாம். அதன் பிறகும் அவசரம் வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தச் சிகிச்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சரியான ஆளுக்கு, சரியான வயதில், சரியான கையால் செய்தால் அருமையான பலன் தரும் சிகிச்சை இது. உங்களுக்கு இப்போது அந்த நேரம் வரவில்லை.

முதலில் திருமண நாளையே எடுத்துக்கொள்வோம். முடி நட்ட இடம் முழுவதும் முதல் வாரம் சிவந்த புள்ளிகளாகவும் பொருக்காகவும் இருக்கும். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்கு நெற்றி வீங்கும், இமைகள்கூட வீங்கிக்கொள்ளும். அது தானாக வடிந்துவிடும். பத்து நாளில் பொருக்கு உதிரும். பிறகு வருவதைத்தான் பலரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். பணம் போயிற்றே என்று அலறியடித்துக்கொண்டு வருவார்கள். கொட்டுவது முடித்தண்டு மட்டுமே. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக ஓய்வில் இருக்கிறது. மூன்றாம், நான்காம் மாதத்தில் பூனைமுடிபோல மெல்லியதாக முளைக்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. தான் வளரும் என்பதால் ஆறாம் மாதத்தில் பாதிப் பலன் தெரியும், முழுப் பலனுக்கு ஓராண்டு ஆகும், உச்சந்தலைக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். ஆக, மூன்று மாதத்தில் மணமேடை ஏறப்போகிறவர் இன்று நட்டுக்கொண்டால், இருப்பதைவிடக் குறைந்த முடியோடுதான் நிற்க நேரும். நட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய முடியும் அதிர்ச்சியில் தற்காலிகமாக உதிரலாம். எந்த நிலையமாவது "கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வயது. ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன். முன்தலை, உச்சந்தலை மயிர்க்கால்கள் அதற்குப் பணிந்து சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. பின்னந்தலையிலும் காதோரத்திலும் உள்ளவை பெரும்பாலும் அதற்கு அசைந்துகொடுப்பதில்லை. முழு வழுக்கை விழுந்த தாத்தாவுக்கும் பின்னால் அரைவட்டமாக முடி நிற்பது இதனால்தான். இந்த இயல்பு மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது, தோலின் இடத்தில் இல்லை. பின்னாலிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அது பழைய குணத்தோடுதான் வளரும் என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் காட்டினார். 1959-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முடி நடும் துறை முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஜப்பானில் ஷோஜி ஒக்குடா என்ற மருத்துவர் 1939-இலேயே தழும்பு விழுந்த தலைகளில் முடியோடு கூடிய சிறு தோல்துண்டுகளை நட்டுப் பதிவு செய்திருந்தார். போர்க்காலம் என்பதால் மேற்குலகத்துக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை.

எனவே நட்ட முடி நிலைக்குமா என்றால், ஆம், பெரும்பாலும் நிலைக்கும். சிக்கல் நடாத முடியில் இருக்கிறது. அது தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். 24 வயதில் நெற்றி ஓரத்தை மட்டும் நிரப்பிக்கொண்டவருக்கு 35 வயதில் நட்ட வரிசை முன்னால் தனியாக நிற்கும், அதன் பின்னால் வெட்டவெளியாக இருக்கும். அதை நிரப்ப மீண்டும் நட வேண்டும். அப்போதுதான் கணக்கு இடிக்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மயிர்க்கால்கள் தலையில் ஒன்று முதல் நான்கு முடி கொண்ட சிறு கொத்துகளாக அமைந்திருக்கின்றன. அந்தக் கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறோம். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 70, 80 கொத்துகள் இருக்கும். வழுக்கை முற்றினால் காலியாகும் பரப்பு 200 சதுர செ.மீ. அளவுக்குப் போகலாம். பழைய அடர்த்தியிலேயே அதை நிரப்ப 14,000 கொத்துகளுக்கு மேல் வேண்டும். பின்னந்தலை தன் அழகு கெடாமல் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது பெரும்பாலானவர்களிடம் 5,000, 6,000 என்ற அளவுதான். சிலரிடம் அதுவும் இல்லை. நாற்றங்காலில் மறுபடி விதைக்கலாம். பின்னந்தலையில் பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. எந்த மருத்துவராலும் புதிய முடியை உருவாக்கித் தர முடியாது. இருப்பதை இடம் மாற்றி, பார்வைக்கு நிறைவாகத் தெரியும்படி அடுக்கித் தரலாம், அவ்வளவே. பாதி அடர்த்தி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஆகவே 24 வயதில் 3,000 கிராஃப்டைச் செலவழித்துப் பள்ளிக்கூட நாள் நெற்றியைத் திரும்பப் பெற்றுவிட்டால், 40 வயதில் கையிருப்பு இருக்காது. தாழ்வாக, நேர்கோடாக நட்ட நெற்றி வரிசை ஐம்பது வயது முகத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஓரங்கள் கொஞ்சம் ஏறிய நெற்றிதான் வளர்ந்த ஆணின் இயல்பான நெற்றி. அதை வரையும்போது உங்கள் இன்றைய ஆசையை மட்டும் கேட்டு வரைகிற மருத்துவரைவிட, "இவ்வளவு கீழே வேண்டாம்" என்று மறுக்கிற மருத்துவரை நம்புங்கள்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? இருக்கும் முடியைக் காப்பாற்றுங்கள். பினாஸ்டரைடு மாத்திரை டிஎச்டி உருவாவதைக் குறைக்கிறது, 1 மி.கி. அளவில் வழுக்கைக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. மினாக்சிடில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து; உடலில் முடி வளர்வதைப் பார்த்துத் தலையில் பூசும் மருந்தாக மாற்றினார்கள், அதற்கு 1988-இல் அனுமதி கிடைத்தது. இரண்டையும் ஆறு மாதமாவது விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் சொல்ல முடியும், நிறுத்தினால் பலனும் போய்விடும். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து விட்டுவிடாதீர்கள். பினாஸ்டரைடு நூற்றில் சிலருக்குத் தாம்பத்திய விருப்பத்தையோ விறைப்பையோ குறைக்கும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும், அரிதாகச் சிலர் நிறுத்திய பிறகும் தொல்லை தொடர்வதாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். நீங்கள் புதிதாக மணமாகப்போகிறவர். இதை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்காமல், மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதத்துக்கும் நீங்கள் ரத்ததானம் செய்யக்கூடாது. ஓரிரு ஆண்டுகள் மருந்தில் வழுக்கை ஓரிடத்தில் நின்றுவிட்டது என்று தெரிந்தால், பிறகு நடுவதைப் பற்றிப் பேசலாம்.

வலியைப் பற்றி. மயக்கம் கொடுப்பதில்லை, தலையில் மரத்துப்போகும் ஊசி போடுவோம். அந்த முதல் சில நிமிடங்கள் வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். அதன்பின் பெரும்பாலானவர்கள் படுத்தபடியே தூங்கிவிடுகிறார்கள். 2,000, 2,500 கிராஃப்ட் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அன்றிரவு பின்னந்தலை வலிக்கும், சாதாரண வலி மாத்திரையில் அடங்கும். பின்னந்தலையிலிருந்து ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைப்பது எஃப்.யூ.டி.; 1 மி.மீ.க்கும் குறைவான துளையிட்டுக் கொத்துகளை ஒவ்வொன்றாக எடுப்பது எஃப்.யூ.இ. முன்னதில் கோடாகத் தழும்பு விழும், பின்னதில் சிறுசிறு வெண்புள்ளிகள் விழும். தழும்பே இல்லாத முறை என்று ஒன்று கிடையாது. பேனா, நீலக்கல் கத்தி, ரோபோ என்று விளம்பரங்களில் வரும் பெயர்களுக்கு மயங்க வேண்டாம். கருவியைவிட அதைப் பிடிக்கும் கைதான் பலனைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கை யாருடையது என்பதைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை. நான் மிகவும் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். 2016-இல் சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் முடி நட்டுக்கொண்ட பிறகு இறந்துபோனார். டெல்லியிலும் ஓர் உயிர் போய், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், உரிய பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று வழிகாட்டியது. இத்தனைக்குப் பிறகும் மருத்துவர் வந்து நெற்றியில் கோடு வரைந்துவிட்டுப் போக, மீதியை உதவியாளர்களே செய்யும் இடங்கள் இருக்கின்றன. மரத்துப்போகும் மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். பல மணி நேரம் திரும்பத் திரும்ப ஊசி போடும் சிகிச்சையில் அந்தக் கணக்கை வைத்திருப்பவர் அறையிலேயே இருந்தாக வேண்டும்.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் என்ன? துளையிட்டு எடுப்பது யார், நடும் இடத்தில் கீறல் போடுவது யார்? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலையம் பதிவாகியிருக்கிறதா? ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் இருக்கின்றனவா? கட்டணத்தைக் கிராஃப்ட் கணக்கில் சொல்கிறார்களா, முடிக் கணக்கில் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்; 2,000 கிராஃப்டில் 4,000 முடிக்கு மேல் இருக்கும், எண்ணைப் பெரிதாகக் காட்ட வசதியான வழி இது. அழகுக்கான சிகிச்சை என்பதால் ஜிஎஸ்டி உண்டு, மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள், ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள்.

தம்பியின் முடி உதவாது. சிறுநீரகம்போலவே அதையும் உடல் அந்நியமாகக் கருதி நிராகரிக்கும். தடுக்க வேண்டுமானால் வாழ்நாள் முழுவதும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். தலைமுடிக்காக எந்த மருத்துவரும் அதற்கு உடன்பட மாட்டார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு. வட்டவட்டமாகத் திடீரென முடி கொட்டும் புழுவெட்டு உள்ளவர்களுக்கும் நடுவது தீர்வல்ல. நட்டதையும் அது தாக்கும். பெண்களுக்குப் பின்னந்தலையும் சேர்ந்து மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் முதலில் தைராய்டு, இரும்புச்சத்து, சினைப்பைக் கட்டிப் பிரச்சினை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பெண் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் சம்மதித்திருக்கிறார்கள். மணப்பெண்ணிடம் நீங்களே பேசுங்கள், மருந்து எடுக்கப்போவதையும் சொல்லுங்கள். மாத்திரை அவரையும் தொடும் விஷயம்.

மொட்டை தாராளமாகப் போடலாம், நட்டு ஓராண்டு ஆன பிறகு. சவரக்கத்தி மயிர்க்கால் இருக்கும் ஆழத்துக்குப் போவதில்லை, மறுபடி முளைத்துவிடும். எஃப்.யூ.டி. செய்திருந்தால் பின்னால் தழும்புக் கோடு தெரியும், அவ்வளவுதான். நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்றால், நடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது இன்னும் எளிது.