ஜெபக் கூட்டத்திலேயே முடிந்துவிடும் மன்னிப்பு

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கிறிஸ்தவப் பின்னணியில் ஒரு காதல் நாவல் எழுதி, ஒன்பது அத்தியாயங்களை முடித்திருக்கிறேன். கதாநாயகி ஸ்டெல்லா காசிமேட்டைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். அவள் கணவன் அந்தோணியும் நண்பன் டேனியலும் சென்ற பைபர் படகின் மீது இரவில் ஒரு கப்பல் மோதிவிடுகிறது. டேனியல் மட்டும் பிழைக்கிறான். அந்தோணியின் உடல் கிடைக்கவில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் டேனியல், அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்யப்போய் ஸ்டெல்லாவை நேசிக்கத் தொடங்குகிறான். மோதிய நேரத்தில் கண்விழிக்க வேண்டிய முறை தன்னுடையது, தான் உறங்கிவிட்டேன் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுது அறிக்கையிடுகிறான். பாஸ்டரின் செய்தியைக் கேட்டு மனம் உருகிய ஸ்டெல்லா அவனை மன்னித்து மணந்துகொள்கிறாள். படித்த தோழி, “தெருவில் கொடுக்கும் நற்செய்திக் கைப்பிரதியைப் படித்த மாதிரி இருக்கிறது” என்றாள். எங்கே தவறினேன்? காதல் காட்சிகளை எந்த அளவுக்கு எழுதலாம்? சபையார் தவறாக நினைப்பார்களா? மூன்றாம், ஒன்பதாம் அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரி. ஆனால், கதையில் விசுவாசம் கூடிப்போய்விட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். ஸ்டெல்லாவின் மன்னிப்பு அவள் மனத்திலிருந்து வராமல் பாஸ்டரின் செய்தியிலிருந்து வருகிறது. குறை அங்கேதான் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த ஒருத்தி, அந்த ஆறு ஆண்டுகளும் தன் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டவனே அன்றிரவு உறங்கிப்போனவன் என்று அறிந்தால், முதலில் எதை நினைப்பாள்? அந்த அரிசியைத்தான் நினைப்பாள். பிள்ளைகளுக்கு ஊட்டியது உதவியா, இல்லை, அவர்களுடைய அப்பாவின் உயிருக்கு இவன் கட்டிய விலையா என்று நினைப்பாள். உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணீர் இருக்கிறது, வேத வசனம் இருக்கிறது, அரிசி இல்லை.

கிறிஸ்தவக் குடும்ப இதழ்களுக்கு வரும் கதைகளைத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். காதலும் இழப்பும் நன்றாக அமைந்த கதைகள்கூட, மன்னிப்பு வரும் இடத்தில் அவசரப்படுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் கதையில் அந்த அவசரம் இரட்டிப்பாக இருக்கிறது. மன்னிப்பும் திருமணச் சம்மதமும் ஒரே பக்கத்தில் நடந்துவிடுகின்றன. மன்னித்ததால் மணக்கிறாள் என்று எழுதினால், மணக்காவிட்டால் மன்னிக்கவில்லை என்றும் ஆகிவிடும். அவனை முழு மனத்தோடு மன்னித்துவிட்டு, “உன்னைக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது” என்று சொல்லவும் ஸ்டெல்லாவுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை அவள் கையில் இருப்பதை வாசகர் கண்ட பிறகுதான், அவள் கொடுக்கும் சம்மதத்துக்கு மதிப்பு வரும். இரண்டையும் பிரியுங்கள், நடுவில் குறைந்தது இரண்டு அத்தியாயங்களாவது இருக்கட்டும்.

அந்த இரண்டு அத்தியாயங்களில் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கான விடையை உங்கள் கதை ஏற்கனவே வைத்திருக்கிறது. நீங்கள் அதைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உடல் கிடைக்காத மீனவனின் மனைவி சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. ஒருவரைப் பற்றி வழக்கமாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களே 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். அதுவரை இறப்புச் சான்றிதழுக்கு அவள் அலைய வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. குடும்ப அட்டையில் அந்தோணியின் பெயர் அப்படியே இருக்கும். இழப்பைக் காட்ட அலைகளையும் அந்தி வானத்தையும் வர்ணித்திருக்கிறீர்கள். அந்த அட்டையை அவள் ரேஷன் கடையில் நீட்டும் ஒரு வரி அதைவிட ஆழமாக இறங்கும்.

திருச்சபைச் சட்டம் இன்னும் கறாரானது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும், கணவன் திரும்பி வரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கத்தோலிக்கப் பெண் மறுமணம் செய்ய முடியாது. சாட்சிகளை விசாரித்து, அவர் இறந்துதான் போனார் என்ற உறுதி ஏற்பட்ட பிறகு, மறைமாவட்ட ஆயர் அதை அறிவிக்க வேண்டும். காசிமேடு சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருப்பதால், ஸ்டெல்லாவின் மனு பங்குத்தந்தை வழியாகப் பேராயரிடம் போகும். இப்போது யோசித்துப் பாருங்கள்: அந்த விசாரணையில் சாட்சி சொல்லக்கூடியவர் யார்? படகில் இருந்து பிழைத்தவன் டேனியல் ஒருவனே. அவளை மணக்க விரும்புகிறவனே அவள் கணவன் இறந்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் அவளை மணக்க வழியில்லை; உள்ளதைச் சொன்னால் அவளை இழக்கக்கூடும். தூங்கியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிவிடலாமே என்ற சோதனை அவனுக்கு வரும். அது வரட்டும், ஒரு முழு இரவு அவனோடு இருக்கட்டும். அவன் பங்குத்தந்தையின் அறைக்குப் போகுமுன் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்லிவிட்டானானால், அந்த அறிக்கையில் உண்மை இருக்கும்; பிரசங்கம் எதுவும் தேவைப்படாது.

மன்னிப்புக் காட்சியை எழுதக் கற்றுக்கொள்ள வேதத்தில் ஒரே ஓரிடத்தைச் சொல் என்றால், யோவான் 21-ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். இராயபுரத்துக்கு அந்தப் பெயர் இராயப்பரால், அதாவது பேதுருவால், வந்தது என்பார்கள். அந்தப் பக்கத்து மீனவர் கதைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைக்க மாட்டார். 18-ஆம் அதிகாரத்தில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பருகே நின்று அவர் தம் ஆண்டவராகிய இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். 21-இல் விடியற்காலையில் கரை சேரும்போது, அங்கே மறுபடியும் ஒரு கரிநெருப்பு. அதன்மேல் மீன், கூடவே அப்பம். முதலில் சாப்பாடு நடக்கிறது, பிறகுதான் கேள்வி வருகிறது. மூன்று முறை மறுதலித்தவரிடம், “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று முறை கேட்கப்படுகிறது. “ஏன் மறுதலித்தாய்?” என்ற சொல் அங்கே வரவே இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று மட்டும் இருக்கிறது. பழைய குற்றத்தின் நெருப்பும் எண்ணிக்கையும் திரும்பி வருகின்றன. குற்றத்தின் பெயர் மட்டும் வரவில்லை. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தாமதத்தைப் பற்றி அறிய ஆதியாகமத்தில் யோசேப்பைப் படியுங்கள். தம்மை விற்றுவிட்ட சகோதரர்களை முதல் சந்திப்பிலேயே அவர் கட்டிக்கொள்ளவில்லை. அவர்களைச் சோதிக்கிறார், தனியறைக்குள் போய் அழுகிறார், முகம் கழுவிக்கொண்டு வருகிறார்.

நான் சொல்வது தெளிவாக, அறிக்கையிடும் இடத்தை ஒருமுறை எழுதிப் பார்த்தேன்:

சங்கரா மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “கப்பலு வெளிச்சம் தூரத்துலயே தெரிஞ்சிருக்கும் இல்ல?” “தெரிஞ்சிருக்கும்.” “நீ பாத்தியா?” “தூங்கிட்டேன் அண்ணி.” அந்த மீனை முடித்துத் தட்டில் போட்டாள், அடுத்ததை எடுத்தாள். “அவரு?” “அவரு முற முடிஞ்சு அப்பதான் படுத்தாரு. என்ன நம்பித்தான் படுத்தாரு.” செதில்கள் அவள் முழங்கையில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, “நாளைக்கு அரிசி எடுத்துட்டு வராத” என்றாள்.

இதில் அவள் மன்னிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. கடன் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். கணக்குத் தெரியாமல் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. மன்னிப்பைப் பின்னால், கல்லறைத் திருநாளில் வையுங்கள். நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் குடும்பம் குடும்பமாக வந்து, கல்லறைகளைக் கழுவி, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஸ்டெல்லாவுக்குக் கல்லறையே இல்லை. ஆறு ஆண்டுகளாகப் பொதுச் சிலுவையின் அடியில்தான் ஏற்றுகிறாள். இந்த முறை, தள்ளி நிற்கும் டேனியலிடம் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டுகிறாள். அவன் அதை அவளுடைய சுடரிலிருந்து பற்றவைக்கிறான். “மன்னித்தேன்” என்ற சொல்லை எழுதாதீர்கள்.

அடுத்து, காதல் காட்சிகள். மேலே எழுதிக் காட்டியதில் டேனியல் அவளை “அண்ணி” என்கிறான். உங்கள் நாவலில் முதல் அத்தியாயத்திலிருந்தே பெயர் சொல்லி அழைக்கிறானோ என்று ஐயப்படுகிறேன்; ஒன்பதாம் அத்தியாயத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தோணியை அண்ணன் என்று அழைத்தவன் அவன் மனைவியை வேறு எப்படி அழைத்திருப்பான்? அந்த ஒரு சொல்லை வைத்தே முழுக் காதலையும் எழுதிவிடலாம். ஒருநாள் “அண்ணி” என்று தொடங்கி நிறுத்திவிடுகிறான். பிறகு சில வாரங்கள் எந்த அழைப்பும் இல்லாமலே பேசுகிறான். அவள் அதைக் கவனிக்கிறாள், கேட்கவில்லை. என்றோ ஒருநாள் “ஸ்டெல்லா” என்கிறான். தொடுதல் எதுவும் இல்லாமல் இதைவிட நெருக்கமான காட்சியை எழுத முடியாது. கழுத்தில் கிடக்கும் தாலியையும் மறக்க வேண்டாம். சிலுவை பொறித்த அந்தத் தாலியின் சங்கிலி எப்போதோ அடகுக் கடைக்குப் போயிருக்கும். மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பாள். அதைக் கழற்றுவது யார் சொல்லி, எந்த நாளில் என்பது உங்கள் நாவலின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. சட்டம் அறிவித்த அன்றா, ஆயரின் கடிதம் வந்த அன்றா, அல்லது அதற்கும் முன்பே, ஒரு சாதாரணக் காலையில், கயிறு நைந்து அறுந்தபோதா? நான் எழுதினால் கடைசியைத் தேர்ந்தெடுப்பேன்.

மொழியில் ஒரு திருத்தம். மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்டெல்லா, “சபைக்குப் போயிட்டு வரேன், ஆராதனைக்கு நேரமாச்சு” என்கிறாள். காசிமேட்டுக் கத்தோலிக்கப் பெண் “கோயிலுக்குப் போறேன், பூசைக்கு நேரமாச்சு” என்பாள். அவள் வாயில் சாமியார் அல்லது பாதர், செபமாலை, நற்கருணை; டேனியல் வாயில் பாஸ்டர், சாட்சி, உபவாச ஜெபம். அவர்கள் வேண்டுதலே அவளுக்குச் செபம், அவனுக்கு ஜெபம். வீட்டில் இருக்கும் வேதப் புத்தகங்களின் நடையும் வெவ்வேறு. பேதுரு எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்ட இடத்தில், டேனியலின் வேதாகமத்தில் “ஏழெழுபதுதரமட்டும்” என்று இருக்கும். ஸ்டெல்லாவின் திருவிவிலியத்தில் அதே கணக்கு இன்றைய தமிழில் இருக்கும். இந்த வேறுபாடுகளை மறைக்காமல் எழுதினால், இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனியே விளக்க வேண்டியிருக்காது. அவன் சபையார் அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பார்கள், ஒருவேளை நகையையும் கழற்றச் சொல்வார்கள். அவள் பங்குக் கோயிலில் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி கேட்பார்கள். இதற்கு ஒரு அத்தியாயம் போதும், மையக் கதையை அது விழுங்க விட வேண்டாம்.

சபையார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை எழுதும்போது வைத்துக்கொள்ளாதீர்கள். திருமண விதிமுறைகள் சரியா என்று ஒரு குருவானவரிடமும் ஒரு போதகரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதை இப்படிப் போகலாமா என்று அவர்களிடம் கேட்க வேண்டாம்.

நாட்காட்டியை முன்னதாகவே போட்டுக்கொள்வது நல்லது. விபத்து 2016-இன் தொடக்கத்தில் நடந்ததாக வைத்தால், 2022 உங்களுக்கு அழகாகக் கைகொடுக்கிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் ஏப்ரல் 15-இல்தான் வந்தது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, அவற்றில் போகும் ஆண்களெல்லாம் கரையில் இருக்க, சிலுவைப் பாதை நடக்கும் அந்த நாளில் டேனியலுக்குப் போக இடமில்லை. அறிக்கையை அதை ஒட்டி வைக்கலாம். நவம்பரில் கல்லறைத் திருநாள். 2023-இன் தொடக்கத்தில் ஏழு ஆண்டுகள் நிறைகின்றன. தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 9. அதன் பிறகு வரும் ஞாயிறுகளில் கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கலாம். அப்போது மறுபடியும் தடைக்காலம் தொடங்கியிருக்கும். கையில் காசு குறைவாக, விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும்போது நடக்கும் திருமணம்.

கடைசியாக, உங்கள் கதையில் ஒருவரைக் காணவில்லை. அந்தோணியின் தாய் எங்கே? மகன் இன்னும் ஏதோ ஒரு கரையில் உயிரோடு இருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி அந்த வீட்டில் இருந்தால், டேனியலின் அறிக்கை அவளுடைய நம்பிக்கையையும் சேர்த்துப் புதைக்கிறது. ஸ்டெல்லாவைவிட அவளுக்கே மன்னிப்பது கடினம். கோயிலில் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்படும்போது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். முதல் ஞாயிறு அவள் கோயிலுக்கே வரவில்லை. இரண்டாம் ஞாயிறு வந்து, பெயர்கள் வாசிக்கப்படும் முன்பே எழுந்து போய்விடுகிறாள். மூன்றாம் ஞாயிறு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பங்குத்தந்தை வாசித்து முடித்துத் தாளை மடிக்கும் வரை அவள் எழவில்லை. திருமணத்தை எழுதாமல் அங்கேயே நாவலை முடித்துவிடலாம்.