மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி: கேட்டதும் சொன்னதும்

கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். இடையில் முப்பது வருடத்துக்கு மேல் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் திசையன்விளைக்கும் நடுவே அலைந்திருக்கிறேன். கிளினிக், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவர்கள் ஃப்ளூ ஊசி பற்றிக் கேட்கலாம் என்றேன். நான்கு நாளில் வந்தவை கீழே. மருந்தைப் பாதுகாப்பதும் ஊசி போடுவதும் எனக்குத் தெரியும். டாக்டர் முடிவு செய்ய வேண்டியதை என்னிடம் கேட்டால் அவரிடமே அனுப்பிவிடுவேன்.

அம்பாசமுத்திரம், கிளினிக் செவிலியர்: அக்கா, எங்கள் ஃப்ரிட்ஜில் ஃப்ளூ ஊசி டப்பா ஃப்ரீசருக்கு நேர் கீழே இருந்தது. காலையில் பார்த்தால் டப்பா மேல் பனி. சிரிஞ்சைக் குலுக்கிப் பார்த்தேன், திப்பி எதுவும் இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறது. போடலாமா?

போடக்கூடாது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பயிற்சி கொடுத்த இடங்களில் எல்லாம் இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன்.

குலுக்கிப் பார்க்கும் சோதனை நமக்கு டி.பி.டி., டி.டி., ஹெபடைட்டிஸ் பி ஊசிகளுக்காகச் சொல்லிக் கொடுத்தது. அவற்றில் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த உப்பு திரிந்து கட்டி கட்டியாகி, குலுக்கி வைத்ததும் சீக்கிரம் அடியில் படியும். அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். வருடா வருடம் போடும் சாதாரண ஃப்ளூ ஊசியில் அலுமினியம் கிடையாது. உறைந்து உருகினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், வேலை செய்யும் என்று மட்டும் நம்ப முடியாது. ஆகவே தெளிவாக இருக்கிறது என்பது இங்கே ஒரு சாட்சியே இல்லை. உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே தனியே எடுத்து, 'போடாதே' என்று எழுதி ஒட்டி, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

போலியோ மருந்துக் குப்பியில் நிறம் மாறும் வட்டம் இருக்குமே, அதை நம்பிப் பழகியிருப்பீர்கள். கடையில் வாங்கும் ஃப்ளூ ஊசி பெரும்பாலும் மருந்து நிரப்பிய சிரிஞ்சாக வரும், அதில் அந்த வட்டம் இருக்காது. இருந்தாலும் அது சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

இன்னொன்று. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. அதனால் அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்றே இருக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டிக்குள் போகாமல், தனியார் கிளினிக்கில் தண்ணீர் பாட்டிலோடும் டாக்டர் வீட்டு மாவுச் சட்டியோடும் சாதாரண ஃப்ரிட்ஜில் குடியிருக்கிறது. ஃப்ளூ ஊசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசருக்குக் கீழே வைக்காதீர்கள், கதவுத் தட்டில் வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர். இதை இன்னும் பத்து தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாளையங்கோட்டை, நர்சிங் மாணவி: எனக்கு ஜலதோஷம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளலாமா மேடம்?

வெறும் மூக்கொழுகல் என்றால் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலும் உடம்பு அசதியும் என்றால் தெளிந்ததும் போடுங்கள்.

வள்ளியூர், லேப் டெக்னீஷியன்: பன்றிக்காய்ச்சலுக்குத் தனி ஊசி உண்டா?

கிடையாது. 2009-ல் வந்த அந்த எச்1என்1 வைரஸ் இன்று வருடா வருடம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்று. வருடாந்திர ஊசியிலேயே அது சேர்ந்திருக்கிறது.

மேலப்பாளையம், கிளினிக் செவிலியர்: நாலாம் மாதக் கர்ப்பிணி. டாக்டர் எழுதிவிட்டார். மாமியார் வேண்டாம் என்று நிற்கிறார். என்ன சொல்ல?

எந்த மாதத்திலும் போடலாம் என்று சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிட மோசமாக நுரையீரலைப் பிடிக்கும்; 2009-ல் அதைக் கண்ணால் பார்த்தோம். மாமியாரிடம் மருமகளைப் பற்றிப் பேசாதீர்கள், பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் சில மாதம் காவல் இருக்கும். நான் பேசிப் பார்த்த அளவில் பத்துக்கு எட்டு மாமியார் இதில் இறங்கி வந்துவிடுவார்கள். ஒரே எச்சரிக்கை: கர்ப்பிணிக்குச் செயலிழந்த வைரஸ் ஊசிதான். மூக்கில் அடிக்கும் உயிருள்ள மருந்து கூடாது.

திருநெல்வேலி ஜங்ஷன், வார்டு செவிலியர்: நாங்கள் எல்லாம் இருபத்தஞ்சு வயசுக்காரர்கள். ஃப்ளூ வந்தால் மூணு நாளில் போய்விடும். எங்களை ஏன் கட்டாயப்படுத்துகிறார்கள்?

2010-ல் நானும் இதையேதான் சொன்னேன். சுகாதாரப் பணியாளர்களுக்கென்று மத்திய அரசு வெளிநாட்டிலிருந்து வாங்கிய எச்1என்1 ஊசி அப்போது வந்தது. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நாங்கள், எங்களுக்கு என்றதும் ஆளுக்கொரு சாக்கு. எனக்கு அன்றைக்கு மட்டும் களப்பணி அதிகமாகிவிட்டது! பத்து நாள் கழித்துக் காய்ச்சல். அது ஃப்ளூதானா என்று பரிசோதிக்கவில்லை, அதனால் ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாள் நான் எட்டு பச்சைக்குழந்தைகளைக் கையில் வாங்கி எடை போட்டிருந்தேன். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஃப்ளூ பரவும் என்று படித்தவள்தானே நான். அந்த வாரம் முழுக்க அந்த எட்டு வீட்டையும் நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

உங்களுக்கு மூணு நாளில் போய்விடும் தாயி. நீங்கள் சலைன் மாற்றப் போகும் கட்டிலில் படுத்திருப்பவருக்கு?

களக்காடு, மருந்தாளுநர்: 2009 மாதிரி புதிதாக ஒன்று வந்தால் இந்த வருடம் போட்ட ஊசி காப்பாற்றுமா?

பெரிதாக நம்ப முடியாது. முற்றிலும் புது வைரஸ் என்றால் புது ஊசி செய்தாக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். 2009 ஏப்ரலில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள், ஜூன் 11-ல் உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். நம் நாட்டிலேயே செய்த முதல் ஊசி 2010 ஜூனில்தான் கடைக்கு வந்தது. 2010 ஆகஸ்ட் 10-ல் பெருந்தொற்று முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பந்தி முடிகிற நேரத்தில்தான் இலை வந்தது. அதுவரை நம்மைக் காப்பது முகக்கவசம், கை கழுவுதல், காய்ச்சல்காரரைத் தனியே உட்கார வைப்பது. ஊசி வந்ததும் முதல் வரிசையில் சுகாதாரப் பணியாளரை நிறுத்துவார்கள். அது மரியாதைக்காக இல்லை, நாம் படுத்துவிட்டால் ஓ.பி.யைப் பூட்ட வேண்டியதுதான்.

தென்காசி, மருந்துக்கடை: அக்கா, எந்த மாதம் போடுவது? எல்லாரும் செப்டம்பர், அக்டோபர் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஜூனிலேயே சாரல். குற்றாலத்தில் கூட்டம், ஊரெல்லாம் இருமல். அக்டோபரில் போட்டு யாருக்கு லாபம்?

நல்ல கேள்வி அண்ணாச்சி. இந்தியாவில் ஃப்ளூ பெரும்பாலும் மழையோடு வருகிறது. டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையில், ஜூலை ஆகஸ்டில் உச்சம். சென்னை, வேலூரில் பார்த்ததில் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நவம்பரில் உச்சம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் நம் பக்கம் செப்டம்பர் என்றேன்.

ராதாபுரம், துணை சுகாதார நிலையம்: அதுதான் சரி. எங்களுக்கு ஜூனில் காற்றுதான், மழை ஏது? கார்த்திகையில்தான் காய்ச்சல் வரிசை.

தென்காசி, மருந்துக்கடை: ராதாபுரத்தை வைத்துச் செங்கோட்டைக்கு ஊசி போட முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அவர்களுக்கு மழை என்றால் எங்களுக்கும் சாரல், அவர்கள் இருமினால் எங்களுக்கும் இருமல். மே மாதம்தான்.

ராதாபுரம்: மேயில் போட்டால் டிசம்பர் வரை தாங்குமா? அதைச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

கடையநல்லூர், ஆய்வகம்: மேயில் கடையில் இருப்பது பூமியின் தென்பாதிக்கென்று செய்த தெற்குக் கோளத்து ஊசி, செப்டம்பரில் வருவது வடக்குக் கோளத்து ஊசி. அதையும் சேர்த்துச் சண்டை போடுங்கள்.

சரி, சரி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019-ல். மழை எப்போதோ பிரிந்துவிட்டது, நான்தான் இரண்டுக்கும் ஒரே தேதி சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று சொல்கிறது. பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. பிப்ரவரியில் சொன்னது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கடைக்கு வரும். செப்டம்பரில் சொன்னது அடுத்த மார்ச், ஏப்ரலில் வரும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம் என்பதற்காக வடகோளத்து ஊசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. அன்றைய தேதிக்குக் கடைசியாக வந்த கலவை எது, காலாவதி எப்போது, இந்த இரண்டையும் பாருங்கள். சில வருடம் இரண்டு கலவையும் ஒன்றாகவே இருக்கும்.

பாதுகாப்பு மாதம் ஆக ஆகக் குறையும், ஒரேயடியாக அணைந்துவிடாது. ஆகவே என் தீர்ப்பு: தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் மே. ராதாபுரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் செப்டம்பர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அம்பாசமுத்திரத்துக்காரர்கள் டாக்டரோடு பேசிக்கொள்ளுங்கள். மேயைத் தவறவிட்ட தென்காசிக்காரர் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டாம், செப்டம்பரிலேயே போடலாம்.

தென்காசி, மருந்துக்கடை: பார்த்தீர்களா ராதாபுரம்?

ராதாபுரம்: எங்களுக்குச் செப்டம்பர் என்றுதானே அக்கா சொன்னார்கள். நானும் ஜெயித்தேன்.

போதும். அடுத்த ஆள்.

நாங்குநேரி, செவிலியர்: பன்றிக்காய்ச்சல் ஊசி எங்கே கிடைக்கும்?

மேலே வள்ளியூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முக்கூடல், கிளினிக் உதவியாளர்: ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க ஆவில், டெக்சாமெத்தசோன் மருந்துகளை எடுத்து வைத்திருக்கிறோம். போதும்தானே?

போதாது. அட்ரினலின் இல்லாத மேசையில் ஊசி போடாதீர்கள். மூச்சு இரைப்பு, குரல் கம்மல், உடம்பெல்லாம் தடிப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் சில நிமிடத்தில் சேர்ந்து வந்தால் முதல் மருந்து அட்ரினலின்தான். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்ப்யூல். பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, அரை மில்லிக்கு மேல் போகக்கூடாது. தேறவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆவில் எல்லாம் அதற்கப்புறம். அளவை டாக்டரிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் கணக்கு வராது.

பயத்தில் மயங்குவது வேறு. அதில் முகம் வெளுத்து, வேர்த்து, நாடி மெதுவாகும். படுக்க வைத்தால் தெளிந்துவிடும். ஒவ்வாமையில் நாடி ஓடும். எதுவானாலும் ஊசி போட்டவரை அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

சங்கரன்கோவில்: முட்டை ஒத்துக்கொள்ளாதவருக்கு?

போடலாம். முன்னால் ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை வந்தவருக்குத்தான் கூடாது.

சேரன்மகாதேவி, செவிலியர்: எட்டு வயதுப் பையனுக்கு இரண்டு ஊசியா ஒன்றா?

ஒன்பது வயதுக்குக் கீழே, முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு. முன்னால் இரண்டு போட்டிருந்தால் ஒன்று போதும்.

திருநெல்வேலி டவுன்: ஊசி போட்டால் கைகால் விழுந்துவிடும் என்று ஒரு காணொளி சுற்றுகிறது.

1976-ல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சலுக்கு என்று அவசரமாகப் போட்ட ஊசியில் கிலன்-பாரே என்ற நரம்புக் கோளாறு கூடுதலாக வந்தது. போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தக் கதைதான் வாலும் தலையும் மாறிச் சுற்றுகிறது. முன்பு ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள் அந்தக் கோளாறு வந்தவர் என்றால் டாக்டர் முடிவு செய்யட்டும்.

திசையன்விளை: நாய் கடித்துவிட்டது. ஃப்ளூ ஊசியோடு சேர்த்துப் போடலாமா?

முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூ ஊசி எங்கேயும் ஓடாது.

பேட்டை: பத்து டோஸ் குப்பியைத் திறந்து ஊசியை ரப்பரிலேயே குத்தி வைத்திருந்தால் வசதியாக இருக்கிறதே?

கிருமிக்கும் வசதி. ஒவ்வொரு டோஸுக்கும் புது ஊசி, புது சிரிஞ்ச். திறந்த தேதியை எழுதுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பது உள்ளே இருக்கும் தாளில் இருக்கும். ஃப்ரீசருக்குக் கீழே வைக்காதீர்கள்.

ஏர்வாடி: பன்றிக்காய்ச்சல் ஊசி தனியாக...

வள்ளியூர். மேலே. படியுங்கள்.

ஆழ்வார்திருநகரி, கிளினிக்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஆனால் மருந்தை என்ன செய்வது?

கதவைத் திறக்காதீர்கள். சீக்கிரம் கரண்ட் வராது என்று தெரிந்தால் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ்பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்காதீர்கள். மேசையில் போட்டு, மேலே வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும் வரை பொறுங்கள். அந்த டிசம்பரில் ஒரு கிளினிக்கில் மருந்தைக் கல்லுமாதிரி ஐஸ் மேல் நேராக அடுக்கியிருந்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பிய மருந்தை அவர்களே உறைய வைத்துவிட்டார்கள்.

அம்பாசமுத்திரம், கிளினிக் செவிலியர்: அக்கா, அந்த டப்பாவை டாக்டர் ஒதுக்கச் சொல்லிவிட்டார். முகம் சுளித்தார், விலை அப்படி. புது மருந்து இன்னும் வரவில்லை. தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் வைத்தேன். சாயங்காலம் 5, காலையில் பார்த்தால் 1.

ராத்திரி கதவு திறக்காது, மழை பெய்தால் அறையும் குளிரும். அதான் இறங்குகிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒரு எண் குறைத்து வையுங்கள். காய்கறிப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்குங்கள், சூடும் குளிரும் சட்டென்று ஏறி இறங்காது. டாக்டர் வீட்டு மாவுச் சட்டி இருந்தால் அதையும் வெளியேற்றுங்கள். இரண்டு நாள் காலையும் மாலையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கப்புறம் மருந்து வரட்டும்.